சட்டமும் எம்.பி.ஏ.வும் சேர்த்துப் படிக்க எனக்கு இடம் கிடைக்குமா?

கேள்வி: கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தேன். சி.ஜி.பி.ஏ. 7.9. நான்கு வருடமாகச் சென்னையில் ஒரு வங்கியின் வாராக்கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் ஜே.டி. என்ற சட்டப் பட்டம், எம்.பி.ஏ. இரண்டையும் சேர்த்துப் படிக்க ஆசை. சட்டக் கல்லூரிக்கான எல்சாட் நுழைவுத்தேர்வின் மாதிரித் தேர்வுகளில் 166 வருகிறது, எம்.பி.ஏ.வுக்கான ஜிமேட் நுழைவுத்தேர்வில் 665 எடுத்துவிட்டேன். ஆனால் 7.9-ஐ அமெரிக்க முறைப்படி 4-க்கு மாற்றிப் பார்த்தால் 3.16தான். வாய்ப்பு உண்டா?

பதில்: முதலில் அந்த 3.16-ஐ மறந்துவிடுங்கள். அந்தக் கணக்கை யாரும் போடப் போவதில்லை. சட்டக் கல்லூரி விண்ணப்பங்களைக் கையாளும் எல்சாக் அமைப்பு, இந்தியாவில் வாங்கிய பட்டத்தை 4-க்கு இத்தனை என்று மாற்றுவதில்லை. ‘மிகச் சிறப்பு’, ‘சராசரிக்கு மேல்’ என்பது போல ஒரு தரநிலையை மட்டும் எழுதி அனுப்புகிறது. அதனால் கல்லூரிகள் வெளியிடும் ஜி.பி.ஏ. கணக்கில் உங்கள் எண் சேராது. இதில் நிம்மதியும் உண்டு, சுமையும் உண்டு. மற்றவர்களோடு உங்களை நேரடியாக ஒப்பிட அவர்கள் கையில் இருக்கப்போவது பெரும்பாலும் எல்சாட் மதிப்பெண் ஒன்றுதான்.

அந்த இடத்தில்தான் 166 இடிக்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் விதிப்படி ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் ஆண்டுதோறும் ‘509 அறிக்கை’ வெளியிட வேண்டும். சேர்ந்தவர்களின் எல்சாட் மதிப்பெண் கீழ்க்கால், நடு, மேல்கால் என்று மூன்று எண்களாக (வரிசையில் கால், பாதி, முக்கால் தூரத்தில் நிற்பவர்களின் மதிப்பெண்) அதில் இருக்கும். நீங்கள் நினைத்திருக்கும் கல்லூரிகளின் அறிக்கைகளை இன்றே எடுத்துப் பாருங்கள். ஹார்வர்ட், யேல் போன்ற இடங்களில் நடு மதிப்பெண் 174 அளவில் நிற்கிறது. முன்னணிக் கல்லூரிகள் பலவற்றில் அது 170-ஐத் தாண்டிவிட்டது.

எம்.பி.ஏ. பக்கம் நிலைமை வேறு. 665 நல்ல மதிப்பெண்தான், முன்னணிப் பள்ளிகளின் சராசரிக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவே. அங்கே உங்கள் சிக்கல் கூட்டம். இந்திய இன்ஜினியர், சில வருட வேலை, நல்ல ஜிமேட் என்று அதே ஜாதகத்தோடு ஏராளமானோர் நிற்பார்கள். சட்டக் கல்லூரி வாசலிலோ அப்படிப்பட்டவர்கள் குறைவு. அதனால் எம்.பி.ஏ. விண்ணப்பத்தில் உங்களைத் தனியாகக் காட்ட வேண்டியது வாராக்கடன் வேலைதான். 2016 திவால் சட்டம் வந்த பிறகு ஒரு கடனை மீட்பது என்றால் பாதி கணக்கு, பாதி தீர்ப்பாய வழக்கு. ‘ஏன் இரண்டு பட்டமும்?’ என்ற கேள்விக்குப் பலர் திணறி, பொதுவாக எதையோ எழுதுவார்கள். உங்களிடம் பதில் மேசை மேலேயே இருக்கிறது. நீங்கள் கையாண்ட ஒரு கடனை எடுத்து, ரகசியம் கெடாமல், எந்த இடத்தில் சட்டம் தெரியாமல் நின்றீர்கள் என்று எழுதுங்கள்.

அப்புறம், ‘இணைப் படிப்பு’ என்ற பெயரைப் பார்த்து ஒரே கதவு என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் இரண்டு பள்ளிகளும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்கும். ஹார்வர்டில் அப்படித்தான். ஆனால் ஒன்றில் மட்டும் இடம் கிடைத்தாலும், முதலாண்டு படிக்கும்போதே மற்றதற்கு விண்ணப்பிக்கலாம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் விதிவிலக்கு: ஒரே விண்ணப்பம், மூன்றே ஆண்டு, எல்சாட் இல்லாமல் ஜிமேட்டோ ஜி.ஆர்.இ. என்ற பொது நுழைவுத்தேர்வோ போதும். வேலை அனுபவத்தை அங்கே நன்றாகவே எடை போடுவார்கள். உங்கள் பட்டியலில் அது கட்டாயம் இருக்கட்டும். ஆனால் வகுப்பு சிறியது, அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய நிலையில் முதல் வரிசைக் கல்லூரிகளில் வாய்ப்பு குறைவு, அடுத்த வரிசையில் நன்றாகவே உண்டு. 170 வந்தால் கதை மாறும். 2024 ஆகஸ்ட் முதல் எல்சாட்டில் ‘லாஜிக் கேம்ஸ்’ பகுதி கிடையாது. புதிர் போடும் பழக்கத்தால் இன்ஜினியர்கள் மதிப்பெண் அள்ளிய பகுதி அது. இப்போது மிஞ்சியது வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் கேள்விகளும் கடினமான ஆங்கில வாசிப்பும்தான். பழைய புத்தகங்களை ஓரம் வைத்துவிட்டு, தினமும் ஒரு மணி நேரம் கனமான கட்டுரைகளை வாசியுங்கள். சும்மா எழுதிப் பார்ப்போம் என்று தேர்வுக்குப் போகாதீர்கள், ஐந்து ஆண்டு மதிப்பெண்கள் அத்தனையும் கல்லூரிகள் கண்ணில் படும். மாதிரித் தேர்வில் தொடர்ந்து மூன்று முறை 170 வந்த பிறகு பதிவு செய்யுங்கள். அதற்கு ஒரு வருடம் தள்ளிப்போனாலும் சரி. பெரிய எம்.பி.ஏ. பள்ளிகளில் சேருபவர்களின் சராசரி அனுபவமே ஏறக்குறைய ஐந்து வருடம்தான்.