நான்காவது கட்டத்துக்குப் பிறகு

அன்புள்ள அக்காவுக்கு,

ஆங்கில நாளிதழ்களில் வரும் படக்கதைகளைப் பாராட்டி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டிலும் அந்தப் பேப்பர் வாங்குகிறோம். காலையில் என் கணவரும் ஒன்பது வயது மகனும் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். பிள்ளை வீட்டையே தலைகீழாக்கியிருப்பான், அம்மா தலையில் கைவைத்து நிற்பாள், இவர்கள் இருவரும் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் நான் அடுப்படியில் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்பேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. "உனக்கு நகைச்சுவை உணர்வே இல்லை" என்கிறார் இவர். ஒரு அம்மாவின் அலுப்பில் சிரிக்க என்ன இருக்கிறது? பையனை இதையெல்லாம் படிக்க விடலாமா?

ஒரு வாசகி, நீடாமங்கலம்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் நகைச்சுவை உணர்வுக்கு ஒரு குறையும் இல்லை. எரிச்சல் வருவது நியாயம்தான். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இந்தப் படக்கதைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதும் புரியும்.

மூன்று கட்டம், மிஞ்சினால் நான்கு. கடைசிக் கட்டத்தில் மாவு கொட்டும், சுவரில் கிறுக்கல் விழும், அம்மாவின் முகம் மாறும். அதோடு சரி. மறுநாள் பேப்பரில் அதே வீடு பளிச்சென்று இருக்கும், பிள்ளை புதிதாக ஒன்றைக் கொட்டுவான். நடுவில் ஒருத்தி குனிந்து நிமிர்ந்து அத்தனையையும் அள்ளித் துடைத்திருக்கிறாள். அதை யாரும் வரைவதில்லை. உங்கள் கணவர் கடைசிக் கட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார். உங்கள் கண் அதற்கடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

'டென்னிஸ் தி மெனஸ்' என்ற அமெரிக்கப் படக்கதை பிறந்த விதம் தெரிந்திருக்கலாம். 1950-இல் அதை வரைந்த ஹாங்க் கெட்சம் தன் வீட்டில் உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருக்கிறார். தூங்கப் போன நான்கு வயது மகன் டென்னிஸ் தூங்காமல் அறையைச் சூறையாடி வைத்திருக்கிறான். மனைவி ஆலிஸ் கோபத்தோடு வந்து, உங்கள் பிள்ளை ஒரு 'மெனஸ்', பெரும் தொல்லை என்று கத்துகிறார். அந்த வார்த்தையையே கெட்சம் தலைப்பாக்கிக்கொண்டார். 1951 மார்ச் 12 அன்று 16 நாளிதழ்களில் தொடங்கிய படம் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. படத்தில் வரும் அம்மாவின் பெயரும் ஆலிஸ்தான். எங்கே யார் சொன்னாலும் இந்தக் கதை அவர் கத்தியதோடு நின்றுவிடும். எனக்கு மனம் அங்கே நிற்பதில்லை. கலைந்த அறை அப்படியே கிடக்கிறதே!

நம் பக்கத்தில் இந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் வெளியூர்க்காரர்களும் படிக்கிறார்கள், சொல்கிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வாய்க்கால் கரையெல்லாம் சேறு. பிள்ளை கொல்லைப்புறமாக ஓடிவந்து, அடுப்படியில் எட்டிப் பார்த்து, கூடத்து ஊஞ்சலில் ஒரு ஆட்டம் ஆடி, வாசல் திண்ணையில் போய் ஏறுவான். டெல்டா களிமண்ணை ஈரத்தோடு துடைக்க முடியாது. துடைத்தால் கலங்கித் தரை முழுக்கப் பூசிக்கொள்ளும். காயவிட்டு, பொருக்கு எழும்பிய பிறகு பெருக்கி, அப்புறம்தான் ஈரத்துணி போட வேண்டும். அது காய்வதற்குள் இன்னொன்று அதன்மேலேயே நடந்து போகும். வைக்கோல்போரில் புரண்டு வந்தால் உடம்பெல்லாம் சுணை, உடனே குளிப்பாட்டியாக வேண்டும். வாழைக்கறை பட்ட பள்ளிச் சட்டை போனது போனதுதான்.

பில் கீன் என்பவர் 1960-இல் தொடங்கிய 'ஃபேமிலி சர்க்கஸ்' படத்தில், பையன் சுற்றித்திரிந்த வழியைப் புள்ளிக்கோடாகப் போட்டுக் காட்டுவார். நம் வீட்டில் அந்தப் புள்ளிகள் சேற்றில் விழும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒருத்தி குனிய வேண்டும்.

இது உங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் ஏதாவது வீட்டுவேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு. அப்படிச் செய்கிறவர்கள் நான்கில் ஒருவர்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்கிறேன். அதே பில் கீன் ஒரு குட்டிப் பேயை வரைவார். யார் உடைத்தது என்று அம்மா கேட்பாள், எல்லாப் பிள்ளைகளும் "நான் இல்லை" என்பார்கள். 'நான் இல்லை' என்று பெயர் எழுதிய ஒரு பேய் பக்கத்தில் நழுவி ஓடும். நம் கூடத்தில் தினமும் ஓடுகிற பேய்தானே அது? அங்கே சிரிப்பு அம்மாவைப் பார்த்து வருவதில்லை, அம்மாவோடு சேர்ந்து வருகிறது. கனடாவின் லின் ஜான்ஸ்டன் 1979-இல் தொடங்கிய 'ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வொர்ஸ்' இன்னும் ஒரு படி மேல். பிள்ளை வளர்த்த ஒரு பெண் வரைந்தது. அதில் அம்மாவின் களைப்புக்கு இடம் உண்டு, அவள் முகத்தில் கோபத்தையும் பார்க்கலாம். டென்னிஸ் எத்தனை வருடமானாலும் ஐந்து வயதுக்காரன்தான். லின் ஜான்ஸ்டனின் பிள்ளைகள் வாசகர்களின் பிள்ளைகளோடு சேர்ந்து வருடாவருடம் வளர்ந்தார்கள். அமெரிக்கக் கார்ட்டூனிஸ்டுகள் தரும் ரூபன் விருதை வாங்கிய முதல் பெண்ணும் அவர்தான்.

நம்மிடமும் செல்வம் இருக்கிறது. தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த கோபுலு, ஆனந்த விகடனில் ஒரு வார்த்தைகூட இல்லாமல் படத்திலேயே சிரிக்கவைத்தவர். வீட்டில் இருக்கும் சாமான்களை அவர் பார்த்துப் பார்த்து வரைந்திருப்பார். ஸ்ரீரங்கத்தில் பிறந்த கார்ட்டூனிஸ்ட் மதனின் குறும்புக்காரப் பையன் 'ரெட்டைவால் ரெங்குடு'வை உங்கள் மகன் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஆகவே பேப்பரைப் பிடுங்காதீர்கள். படித்துச் சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும், அடுத்த கட்டத்தில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும். ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். துடைப்பத்தை யார் கையில் கொடுக்கிறான் என்று அவன் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அம்மா கையிலேயே கொடுத்திருந்தால், திட்டாமல், அன்று சாயங்காலம் கூடத்தை அப்பாவும் பிள்ளையுமாகப் பெருக்கட்டும். அப்புறம் இன்னொரு தாளைக் கொடுங்கள்.

அவன் சம்மதித்தால் இரண்டு படங்களையும் எனக்கு அனுப்புங்கள். அழித்துத் திருத்தச் சொல்ல வேண்டாம், பென்சிலில் இருந்தபடியே வரட்டும்.

அன்புடன்,
அக்கா