முதல் முறை அப்ரைசல் நடத்தும் மேனேஜர் எப்படித் தயாராவது?

புதுச்சேரி பக்கம் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் புதிதாக மேனேஜர் ஆகியிருக்கிறீர்கள், மார்ச் கடைசியில் உங்கள் ஆட்களுக்கு அப்ரைசல், அதாவது வருஷ வேலை மதிப்பீடு, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபார்மை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஏப்ரலிலிருந்து ஷிப்ட் லாக் புத்தகம், மெயில், லீவுப் பதிவு எல்லாவற்றையும் எடுத்துப் புரட்டுங்கள். நம் மனதில் பிப்ரவரியும் மார்ச்சும்தான் பளிச்சென்று நிற்கும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அந்தத் தண்ணீரிலும் வந்து ஷிப்டைக் காப்பாற்றியவர், மார்ச்சில் நாலு நாள் லேட்டாக வந்தால் 'லேட் பார்ட்டி' ஆகிவிடுவார். இது ரொம்ப சகஜம்.

குறை எழுதும்போது கவனம். 'பொறுப்பில்லை' என்றால் சண்டைதான் வரும். 'ஜனவரியில் மூன்று தடவை ஷிப்ட் ஒப்படைக்கும்போது மெஷின் ரீடிங் எழுதவில்லை' என்றால் உட்கார்ந்து பேச ஏதாவது இருக்கும். அதுவும் ஜனவரியிலேயே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்; அப்ரைசல் அன்று முதல்முதலாகக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும்.

அப்ரைசலுக்கு ஒரு வாரம் முன்னால் ஒவ்வொருவரையும் தன் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் குறிப்போடு சேர்த்துப் படித்தால் எங்கே முட்டும் என்று தெரிந்துவிடும்.

இன்கிரிமென்ட்டில் உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை எச்.ஆரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கேன்டீன் மேசை வேண்டாம், கதவு சாத்தும் அறை பிடியுங்கள்.