சொல்லாமல் வைக்கும் விழா

அன்புள்ள ஐயா,

வணக்கம். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கிராமம் எங்களுடையது. என் பெரியப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர், ஆற்று ஷட்டரைத் திறந்து மூடிக் கரையைக் கண்காணிக்கும் வேலை. (இப்போது நீர்வளத் துறை என்று பெயர். ஊரில் இன்னும் பி.டபிள்யூ.டி.தான்.) வரும் மே 31 அன்று ஓய்வு பெறுகிறார்.

எனக்கு ஏழு வயதில் அப்பா தவறிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நடுராத்திரி போன் வந்ததும் பெரியப்பா சட்டையைக்கூடப் போடாமல் ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. அதிலிருந்து என் படிப்பு, தம்பி படிப்பு, என் கல்யாணம் எல்லாம் அவர் தலையில்தான். அந்தச் சம்பளத்தில் எப்படிச் செய்தார் என்று இன்றுவரை கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார்.

மன்னார்குடியில் ஒரு மண்டபம் எடுத்து, அவருக்குத் தெரியாமல் பெரிதாக ஒரு விழா வைக்கலாம் என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். முந்நூறு பேர், ஃப்ளெக்ஸ், கேக், பாராட்டுப் பேச்சு. இதற்காகவே வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். பெரியம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, அவருக்கு வாய் நிற்காது. சிக்கல் என்னவென்றால், பெரியப்பா கூச்ச சுபாவம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அவரை மண்டபத்துக்கு எப்படிக் கொண்டுவருவது? "ராத்திரி போன் போட்டு கரை கசியுதுன்னு சொல்லுவோம், பறந்து வருவார். அங்கிருந்து காரில் ஏத்திடலாம்" என்கிறான் தம்பி. யாருக்கோ உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சொல்லலாம் என்கிறார் என் கணவர். அண்ணன் (பெரியப்பாவின் மகன்) இதெல்லாம் எதற்கு, அறுபது ஆகிறது, திருக்கடையூரில் கல்யாணம் செய்து வைத்துவிடலாம் என்கிறான். அவரைச் சந்தோஷப்படுத்த ஒரு பொய் சொன்னால் தப்பா? சர்ப்ரைஸ் என்பதே நம் ஊருக்கு ஒத்துவராதா?

ம.,
திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள ம.,

என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லுங்கள், கரை கசிகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் சொன்னதாகவே தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வெண்ணாற்றுப் பக்கம் இரவு தங்கியவர்களுக்கு அந்த வார்த்தை என்ன செய்யும் என்று தெரியும். மேலே விடாத மழை. ஆற்றில் கரை விளிம்புக்குச் சற்றுக் கீழே தண்ணீர். எங்கோ ஒரு நண்டு வளை, அல்லது எலி வளை. முதலில் கரையின் வெளிச்சரிவில் ஈரம் தட்டும். பிறகு ஊறி வரும். ஊறுகிற தண்ணீர் தெளிவாக இருக்கிற வரைக்கும் கொஞ்சம் மூச்சு விடலாம். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். அதன் பிறகு மணல் மூட்டை, சவுக்குக் கட்டை, ஊர் ஆட்கள் எல்லாவற்றையும் திரட்ட அதிக நேரம் கிடையாது. டார்ச்சை அடித்துக்கொண்டு போய் அந்தக் கலங்கலை முதலில் பார்க்கவேண்டியவர் லஸ்கர். அதே குரலில் கூப்பிட்டு, பதறி ஓடிவரும் அறுபது வயது மனிதரின் முன்னால் கைதட்டினால் அவர் சிரிக்கத்தான் செய்வார், உங்கள் முகத்துக்காக. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கரையோரத்து ஆட்கள் ஆபத்துக்கு முதலில் அவரைத்தான் கூப்பிடப் போகிறார்கள். அப்போது அவர் ஒரு நொடிகூட யோசிக்கக் கூடாது.

ஆஸ்பத்திரி யோசனையும் வேண்டாம். ஏன் என்பதை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்.

சரி, பொய்யை விடுங்கள். எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் அந்த முந்நூறு பேர்தான். சர்ப்ரைஸ் நம் ஊருக்கு ஒத்துவராது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். பேரப்பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து சொல்லாமல் வந்து வாசலில் நிற்பதை ரசிக்காத பாட்டி தஞ்சாவூர்ச் சீமையில் கிடையாது. ஆனால் ஒருவர் பெயரில் நடக்கும் விசேஷத்துக்கு அவருக்கே தெரியாமல் ஆள் கூப்பிடுவது வேறு சங்கதி. அழைப்பதில்தான் நம்மிடம் பாதி மரியாதை இருக்கிறது. யார் வீட்டுக்கு முதலில் போய்ச் சொன்னார், யாருக்குத் தம்பதியாகப் போய்ச் சொன்னார், யாருக்குப் போனோடு முடித்துக்கொண்டார் என்று கணக்கு வைத்திருப்போம். விட்டுப்போனவர்கள் உங்களைக் கேட்கமாட்டார்கள். "எங்களையெல்லாம் மறந்துட்டீங்க" என்று டீக்கடையில் வைத்துப் பெரியப்பாவைக் கேட்பார்கள். "எனக்கே தெரியாது" என்று அவர் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இது எல்லா வீட்டுக்கும் உள்ள தொல்லை. லஸ்கர் வீட்டுக்கு இன்னொன்றும் உண்டு. அவர் ஷட்டருக்கு இக்கரையில் ஒரு ஊர், அக்கரையில் ஒரு ஊர், கீழே வாய்க்கால் வாய்க்காலாக எத்தனையோ ஊர்கள். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலத்தில் ஒரு கரைக்காரர் கூப்பிட்டார் என்று நாலு திருகு கூடுதலாகத் திருகினால் மறுநாள் காலை மற்ற கரைக்காரர்கள் வந்து நிற்பார்கள். இந்த வேலையில் ஒருவர் கெட்ட பெயர் இல்லாமல் ஓய்வு பெறுகிறார் என்றால், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்பதில்கூடக் கவனமாக இருந்திருப்பார். உங்கள் வாட்ஸ்அப் குழு போடும் பட்டியலில் ஒரு கரை அதிகமாகவும் ஒரு கரை குறைவாகவும் வந்துவிட்டால், "அப்பவே தெரியும், அவரு அந்தக் கரை ஆளு" என்ற பேச்சு கிளம்ப ஒரு மாலை போதும். பணிக்காலம் முழுக்கக் காத்த பெயர் அது.

விழாவில் பேசப்போகிறவர்களில் யாராவது அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்களா? கைப்பிடியை மாட்டி இரண்டு பேர் சேர்ந்து சுற்றவேண்டும். பலகை ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. கிரீஸ் அப்பிய திருகுதண்டு தலைக்கு மேலே அங்குலம் அங்குலமாக நீளும், அதை வைத்துத்தான் கணக்கு. கீழே தண்ணீரின் சத்தம் மாறும். நான் பார்த்த லஸ்கர் ஒருவர் அளவுகோல் பக்கம் திரும்பக்கூட இல்லை, சத்தத்தைக் கேட்டுவிட்டு "போதும்" என்றார். பிறகு இறங்கிப் போய் அளவுகோலைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார், அது மேலதிகாரிகளுக்காக. ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டால் தண்ணீரில் இறங்கி அரிவாளால் அறுத்து அறுத்துத் தள்ளவேண்டும். "நீர்க்காவலரே, நிகரற்றவரே" என்று ஃப்ளெக்ஸ் அடிப்பதைவிட இதில் இரண்டு வரியை ஒருவர் மேடையில் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஏச்சு வாங்கியதையும் சேர்த்துச் சொல்லலாம். 2012 முதல் 2019 வரை ஓராண்டுகூட வழக்கமான ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கவில்லை. எட்டு வருஷம். 2020இல்தான் மறுபடி அந்தத் தேதிக்குத் திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். தண்ணீர் வராவிட்டால் விவசாயி பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்ச் சண்டை போட முடியாது. கைக்கெட்டும் தூரத்தில் அரசாங்கம் என்று ஒரு ஆள் காக்கிச் சட்டையில் நிற்கிறார். அவரை ஏசிவிட்டுப் போவார்கள். இத்தனைக்கும் அவர் வீட்டிலும் இரண்டு மா நிலம் காய்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே நான் சொல்வது, விழாவை மறைக்காதீர்கள். வேறு ஒன்றை மறையுங்கள். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு என்ற இடத்தில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிந்து முத்துப்பேட்டைப் பக்கம் போகின்றன. அங்கே கடைமடையில் இருப்பவர்கள் உங்கள் பெரியப்பாவை நேரில் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம். போனில் மட்டும் பேசியிருப்பார்கள். "அண்ணே, இன்னும் எங்களுக்குத் தண்ணி வந்து சேரல" என்கிற குரல்கள். அவரோடு வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் அந்த நம்பர்கள் கிடைக்கும். நாலைந்து பேரை வரவழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர்கள் வாயைத் திறந்ததும் பெரியப்பாவுக்கு ஆள் தெரிந்துவிடும். இந்த ஒரு சங்கதியை மட்டும் கடைசி வரைக்கும் வெளியே விடாதீர்கள்.

தேதி விஷயத்தில் அவசரம் இருக்கிறது. மே 31 மாலையை அலுவலகத்துக்கு விட்டுவிடுங்கள். சால்வை, ரோஜா மாலை, தஞ்சாவூர்த் தட்டு எல்லாம் போட்டு அவர்களே வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விடுவார்கள். அதற்கடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையைப் பிடியுங்கள். தள்ளிப் போட்டு ஜூன் பாதிக்கு மேல் வைத்தால் அவருடைய கூட்டாளிகள் ஒருவர்கூட வரமுடியாது. மேட்டூரில் 12ஆம் தேதி திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே திறந்ததும் லஸ்கர்கள் எல்லோரும் ஷட்டரை விட்டு நகரமாட்டார்கள், விவசாயிகளும் குறுவை நாற்றங்காலில் இருப்பார்கள். 2022 மாதிரி மே 24ஆம் தேதியே திறக்கிற வருஷமாக அமைந்தால் இந்தக் கணக்கெல்லாம் தப்பும். அப்போது எந்த நாள் தோது என்று பெரியப்பாவையே கேளுங்கள், உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மண்டபத்துக்கு இப்போதே சொல்லி வையுங்கள், வைகாசி முகூர்த்தமும் சேர்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு ஊரில் பாதிப் பேர் மே மாதக் கடைசியில்தான் ஓய்வு பெறுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட பிறந்த தேதி அப்படி.

அண்ணனுடைய திருக்கடையூர் யோசனைக்கும் அதே வாத்தியார்தான் குறுக்கே நிற்கிறார். சர்டிபிகேட்டில் அறுபது ஆனால் அரசாங்கத்துக்குப் போதும். அபிராமி சன்னதியில் பிறந்த வருஷம், மாதம், நட்சத்திரம் மூன்றும் சரியாக வேண்டும். ஜாதகத்தை எடுத்துப் பார்த்தால் அறுபது எப்போதோ தாண்டிப் போயிருக்கலாம், இன்னும் வராமலும் இருக்கலாம். அதைத் தனியாகச் செய்யுங்கள், மாப்பிள்ளைக்குத் தெரியாமல் செய்யவும் முடியாது.

செலவு பற்றி நீங்கள் எழுதவில்லை. கடன் வாங்கிச் செய்யாதீர்கள், அது சுற்றிச் சுற்றி அவருடைய ஓய்வூதியப் பணத்தில் வந்து நிற்கும். மொய் வேண்டாம் என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டுவிடுங்கள். போட்டாலும் நம் ஆட்கள் கவரைத் திணிப்பார்கள். பேராவூரணிப் பக்கம் மொய்க்கென்றே விருந்து வைக்கிறவர்கள் நாம். பெரியப்பா மாதிரி ஆட்கள் அதை நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வொரு வீட்டு விசேஷத்துக்கும் தேடிப் போய்த் திருப்பிச் செய்வார்கள். முந்நூறு கவர் என்றால் மிச்ச ஆயுள் அதிலேயே போகும். கேக் உங்கள் இஷ்டம். பந்தியில் திருவையாற்று அசோகா வையுங்கள் என்பது என் இஷ்டம்.

பெரியம்மா பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள், வாய் நிற்காது என்று. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு உங்கள் பெரியப்பா எங்கே இருந்திருப்பார் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. பெரியம்மா யாரோடு இருந்தார், ஓடு பறந்தபோது என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறீர்களா? ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் தூக்குவாளியில் சோறு கட்டி ஷட்டருக்கு அனுப்பியவர் அவர்தானே? அந்தச் சம்பளத்தில் எப்படி உங்களைப் படிக்க வைத்தார்கள் என்ற கணக்கும் பெரியப்பாவைவிட அவருக்குத்தான் தெரிந்திருக்கும். மேடையில் இரண்டு நாற்காலி போடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பெரியம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். அன்று இரவே அவர் பெரியப்பாவிடம் சொல்லிவிடுவார், சொல்லட்டும். "இதெல்லாம் எதுக்கும்மா" என்று பெரியப்பா இரண்டு நாள் முறுக்கிக்கொள்வார். மூன்றாம் நாள் அக்கரையில் யார் யாரைக் கூப்பிடவேண்டும் என்று அவரே பட்டியல் சொல்ல ஆரம்பிப்பார். ஆரம்பிக்காவிட்டால் மறுபடி எனக்கு எழுதுங்கள்.