காளிகேசம் ஓட்டத்துக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. தக்கலை பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு வருடமாகக் காலையில் சானல்கரையில், அதாவது கால்வாய்க் கரையில், ஓடுகிறேன். நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட முடியும். மலைப்பாதையில் ஓட ஆசை. வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது: ‘காளிகேசம் உள்காட்டில் 18 கி.மீ. மலை ஓட்டம், வழிகாட்டியுடன். வனத்துறை அனுமதி, டீ-சர்ட், பதக்கம், மதியச் சாப்பாடு உட்பட ரூ.3,800. முன் அனுபவம் தேவையில்லை.’ ஞாயிற்றுக்கிழமைக்குள் பணம் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா? படி இறங்கும்போது வலது முட்டு லேசாக வலிக்கும், அதனால் ஒரு தயக்கம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அனுப்ப வேண்டாம். ஓட வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த 3,800 ரூபாயை அனுப்ப வேண்டாம் என்கிறேன்.

விளம்பரத்தை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். பதக்கம் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் என்பதும் இருக்கிறது. எவ்வளவு ஏற்றம் என்பது மட்டும் இல்லை. மலை ஓட்டத்தில் தூரம் பாதிக் கணக்குதான். மலை ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டரைத் தூரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 18 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் அது 24. சமதளத்தில் 5 ஓடுகிறவரை ‘அனுபவம் தேவையில்லை, வாங்க’ என்று 24-க்குக் கூப்பிடுகிறவருக்குக் கணக்குத் தெரியவில்லை, அல்லது உங்கள் முட்டு வலியைப் பற்றிக் கவலை இல்லை. எதுவாக இருந்தாலும் அவர் பின்னால் காட்டுக்குள் போகக் கூடாது.

அடுத்தது, ‘வனத்துறை அனுமதி உட்பட’. இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. காளிகேசம் போகும் வழியில் உள்ள கீரிப்பாறைக்கு அந்தப் பக்கம் நீங்கள் கையை நீட்டிக் காட்டும் மலைகளில் பெரும்பகுதி அதற்குள்தான் வரும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது குற்றம். நுழைந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். ‘நான் பணம் கட்டினேன் சார், அவங்க அனுமதி வாங்கிட்டதா சொன்னாங்க’ என்பது அங்கே எடுபடாது.

சில வருடத்துக்கு முன் நானே இப்படி ஒரு குழுவோடு போயிருக்கிறேன். பயிற்சியாளராக அல்ல, ஒரு நண்பருக்குத் துணையாக. அதிகாலை இருட்டில் வேனிலேயே ‘பெர்மிட்’ என்று ஒரு தாளை எல்லாருக்கும் காட்டினார் அமைப்பாளர். காட்டும்போது கட்டைவிரல் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. செக்போஸ்ட்டில் வனக்காவலர் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விரலுக்கு அடியில் இருந்தது தெரிந்தது: ‘நுழைவுக் கட்டணம்’. வாகனத்துக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு. ஆற்றில் குளித்துவிட்டு வரப் போகிறவர்கள் வாங்கும் சாதாரண ரசீது, அதுவும் முந்தைய வாரத்துத் தேதியில். எங்களை ஓரமாக உட்கார வைத்து, பெயர் முகவரி எழுதி வாங்கி, விடிந்ததும் திருப்பி அனுப்பினார்கள். சாப்பாடு மட்டும் சொன்னபடி வந்தது.

அதனால் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உண்மையான அனுமதியில் உங்கள் பெயர் இருக்கும், தேதி இருக்கும், எந்தப் பாதை என்பது இருக்கும். இந்த மூன்றும் உள்ள தாளின் நகலைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ‘அதெல்லாம் அங்க பாத்துக்கலாம்’ என்று பதில் வந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். பாதை என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இறந்தவர்கள் இருபது பேருக்கு மேல். அவர்களும் குழுவாக, ஏற்பாட்டாளர்களை நம்பிப் போனவர்கள்தான். அதற்குப் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு என்று தனி ஒழுங்குமுறை விதிகள் வந்தன.

விதி வந்தது, சரி. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, இணையத்தில் பதிவு செய்ய வழி செய்தது. பழங்குடியினரும் மலையோரக் கிராமத்து இளைஞர்களும் வழிகாட்டிகளாக வருகிறார்கள். நல்ல காரியம், காட்டைப் பார்க்க ஆசை என்றால் நீங்கள் அதில் போகலாம். ஆனால் அது நடப்பதற்கு. ஓடுகிறவனுக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது. ஒரு அலுவலகத்தில் போய், காட்டோரமாக உள்ள வண்டிப் பாதையில் பத்துப் பேர் வழிகாட்டியோடு மெதுவாக ஓட அனுமதி கிடைக்குமா என்று கேட்டேன். அந்தச் சீட்டில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஓடவா? நடந்து போனா காடு வேண்டாம்னா சொல்லுது?” என்றார். அடுத்த சீட், ஆன்லைனில் பாருங்கள் என்றது. ஆன்லைனில் பார்த்தால் நேரில் விசாரிக்கவும் என்று இருந்தது. மூன்று தடவை போனேன். நேர்வழியில் கேட்கிறவனுக்கு இந்த அலைச்சல். விரலால் மறைக்கத் தெரிந்தவனுக்கு வாராவாரம் வேன் நிறைகிறது.

அந்தச் சீட்டுக்காரர் கேட்டதில் ஒரு நியாயமும் இருக்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டும். அடர்ந்த காட்டுக்குள் ஓடவே கூடாது. நடந்து போகிறவர்களின் பேச்சும் காலடிச் சத்தமும் முன்கூட்டியே கேட்கும், மிருகம் ஒதுங்கிக்கொள்ளும். ஓடுகிறவர் வளைவில் திடுமென்று போய் நிற்பார். நம் மலைகளில் கரடி இருக்கிறது, யானை இருக்கிறது. கரடி பெரும்பாலும் தாக்குவது திடுக்கிடும்போதுதான். உள்காடு வேறு, மலைப்பாதை வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதற்குக் காளிகேசம் வரை போக வேண்டியதே இல்லை.

‘அப்படியானால் ரப்பர் தோட்டத்தில் ஓடலாமா?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். உங்கள் பக்கத்திலிருந்து எழுதுகிற எல்லாரும் கேட்பதுதான் இது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டா நிலத்தில் உள்ள தனியார் தோட்டம் என்றால் வனத்துறை அனுமதி தேவையில்லை, உடைமையாளர் சம்மதம் போதும். உடைமையாளர் என்றால் உடைமையாளர்தான். காவல்காரரிடம் டீக்காசு கொடுத்துவிட்டுப் போவது சம்மதம் ஆகாது. அரசு ரப்பர் கழகத்தின் தோட்டம் இதில் சேராது. மரம்தான் கழகத்தினுடையது, நிலம் வனத்துறையினுடையது. தனியார் தோட்டமே ஆனாலும் அதன் மேல் எல்லை காட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போனால் மேலே சொன்ன சட்டம் வந்துவிடும். யானைக்கு எந்தக் கல்லும் கணக்கில்லை.

நேரமும் முக்கியம். பால்வெட்டு, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது, விடிவதற்கு முன்பே, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு நடக்கிற வேலை. நீங்கள் ஓட நினைப்பதும் அதே நேரம். இருட்டில் ஒருவர் ஓடி வந்தால் கையில் கத்தி வைத்திருக்கிறவர் திடுக்கிடுவார், பால் வடியும் சிரட்டையைத் தட்டிவிட்டால் ஒரு மரத்தின் அன்றைய பால் மண்ணுக்குப் போகும். பால் எடுத்து முடியட்டும், எட்டரை ஒன்பதுக்கு மேல் ஓடுங்கள். மரநிழல் இருப்பதால் வெயில் தாங்கும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை இலை உதிரும். சரிவில் படிபடியாக வெட்டிய தட்டுகளுக்கு இடையே தண்ணீர் இறங்க வெட்டிய குழிகளைச் சருகு மூடிவிடும், கணுக்கால் பிசகுவது அங்கேதான். அது முடிந்து தளிர் விடும்போது தேன் பெட்டிகளை வரிசையாக வைத்துவிடுவார்கள். பெட்டி இருக்கிற தோட்டத்துக்குள் அந்த மாதங்களில் கால் வைக்க வேண்டாம். இவ்வளவும் சரியாக இருந்தால் ரப்பர் தோட்டத்து மண்சாலை மாதிரி ஓடக் கற்றுக்கொள்ளத் தோதான இடம் வேறு இல்லை.

இனி முட்டு. படி இறங்கும்போது மட்டும் முட்டுச்சிரட்டையைச் சுற்றி லேசாக வலிக்கிறது, வீக்கம் இல்லை, முட்டு பூட்டிக்கொள்வதில்லை என்றால் பெரும்பாலும் தொடையின் முன்பக்கத் தசைக்குப் பலம் போதவில்லை என்று அர்த்தம். வீக்கமோ பூட்டோ இருந்தால் என்னிடம் கேட்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், கால் தப்பிக்கும். இறங்கும்போது அந்தத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும், அங்கேதான் அடி. ஒரு நாள் மலை இறங்கினால் அன்றைக்குத் தெரியாது. இரண்டாம் நாள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டிவரும்.

வீட்டு வாசற்படியில் இப்போதே தொடங்கலாம். ஒரே ஒரு படி மேல் நில்லுங்கள். இடது காலை முன்னால் தொங்கவிட்டு, வலது முட்டை மடித்து, மூன்று எண்ணுவதற்குள் இடது குதிகால் தரையை லேசாகத் தொடட்டும். பாரத்தை அதில் வைக்காமல் மேலே வாருங்கள். முட்டு உள்பக்கம் சாயக் கூடாது, இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். கண்ணாடி முன்னால் செய்தால் தெரியும். பத்துத் தடவை, அப்புறம் கால் மாற்றி. ஒருநாள் விட்டு ஒருநாள், ஆறு வாரம்.

ஓட்டத்துக்குச் சானல்கரையை விட வேண்டாம், வாரம் இரண்டு நாள் அங்கேயே ஓடுங்கள். ஒரு நாள் மட்டும் சிதறால் போங்கள். சமணப் படுக்கைகளைப் பார்க்கப் போகிற அந்தக் கல்பாவிய பாதை ஏற்றம் பழகுவதற்கு அருமையானது. திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏறும்போது ஓடாதீர்கள். கையைத் தொடை மேல் ஊன்றி, எட்டுக்களைச் சின்னதாக வைத்து வேகமாக நடங்கள். மலை ஓட்டத்தில் தேர்ந்தவர்களும் செங்குத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் மாதம் இறங்குவதும் நடைதான். இரண்டாம் மாதம் மெல்ல ஓடி இறங்கலாம். பின்னால் சாயாமல், குதிகாலை நீட்டிக் குத்தாமல், சுடுமணலில் நடக்கிற மாதிரி சின்னச் சின்னதாகக் காலை எடுத்து வையுங்கள். பார்வை காலடியில் அல்ல, நாலு எட்டு முன்னால்.

மூன்றாம் மாதம் மருந்துவாழ் மலை. பொற்றையடிப் பக்கத்திலிருந்து ஏறும் கோயில் பாதையை விட்டு விலகாமல், நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை வரை போய்த் திரும்பினால் போதும். அதற்கு மேல் பாறை, அங்கே கை வைத்து ஏற வேண்டும், ஓட்டத்துக்கு வேலை இல்லை. மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் அடிவாரத்திலேயே திரும்பிவிடுங்கள். நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடியும் சேர்ந்துகொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்காதீர்கள், உடம்பில் உப்பு குறைந்துவிடும். கடையில் விற்கும் பொடி எதுவும் வேண்டாம், உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியும் இரண்டு மட்டி வாழைப்பழமும் போதும்.

வழிகாட்டி தேவையா என்றால், தேவை. பாதை காட்டுவதற்கு அல்ல, உங்கள் பின்னால் வருவதற்கு. நல்ல வழிகாட்டியிடம் மூன்று கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்: கடைசி ஆளோடு யார் வருவார்? எத்தனை மணிக்கு, எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்? ஒருவருக்குக் கால் பிசகினால் 108 வண்டி எதுவரை வரும், அதுவரை எப்படித் தூக்கி வருவீர்கள்? இவற்றுக்குப் பதில் சொல்கிறவருக்கு ஒரு காலைக்கு 500 ரூபாய் கொடுங்கள், தகும். கூட்டத்தின் முன்னால் கேமராவோடு ஓடுகிறவர் வழிகாட்டி அல்ல. காணிப் பழங்குடி இளைஞர் யாரையாவது வழிகாட்டி என்று சொன்னால், உங்கள் 3,800-ல் அவருக்கு எவ்வளவு போகிறது என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைதானே கெடு? அன்றைக்கு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு சிதறால் போய் வாருங்கள். இப்போதிருக்கும் ஷூ போதும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும்.