விண்ணிலிருந்து காற்றின் மாசை அளக்க முடியுமா?

கேள்வி: பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், கண்ணுக்கே தெரியாத துகள்கள் காற்றில் எவ்வளவு உள்ளன என்பதை எப்படிக் கண்டறிகிறது? அது தரும் எண்ணை நம்பலாமா?

பதில்: செயற்கைக்கோள் துகள்களை எண்ணுவதுமில்லை, எடைபோடுவதுமில்லை, அது அளப்பது ஒளியை மட்டுமே. சூரிய ஒளி வளிமண்டலத்தைக் கடந்து தரையில் பட்டு மீண்டும் மேலே திரும்பும் வழியில், தூசி, கடல் உப்பு, சல்பேட் போன்ற நுண்துகள்கள் அதைச் சிதறடிக்கின்றன. கரித்துகள்கள் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்கின்றன. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெரா, 2002 மே மாதம் ஏவப்பட்ட அக்வா ஆகிய நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி, திரும்பி வரும் ஒளியை 36 அலைநீளப் பட்டைகளில் பதிவு செய்கிறது. அதிலிருந்து, துகள்கள் ஒளியை எவ்வளவு தடுக்கின்றன என்று சொல்லும் 'ஒளியியல் ஆழம்' என்ற அளவு கணக்கிடப்படுகிறது. இது 0.1 அளவில் இருந்தால் காற்று தெளிவாக உள்ளது எனலாம். 1 ஆக இருந்தால், உச்சியிலிருந்து நேராக வரும் ஒளியில் சுமார் 37 விழுக்காடுதான் துகள்களிடம் சிக்காமல் தரையை எட்டுகிறது.

மேலே வந்து சேரும் ஒளியில் துகள்கள் சிதறடித்தது எவ்வளவு, தரை எதிரொளித்தது எவ்வளவு என்று பிரிப்பதுதான் உண்மையான சிக்கல். கடலும் அடர்ந்த காடும் இருண்டவை என்பதால் அவற்றின் மேல் மிதக்கும் புகை எளிதில் புலப்படும். பாலைவனமோ தானே பளிச்சென்று இருப்பதால் தூசியை மறைத்துவிடும். நீல நிற அலைநீளங்களில் மணல் அவ்வளவாக ஒளிர்வதில்லை என்பதைக் கண்டுகொண்டு, அதற்கெனத் தனிக் கணக்கீட்டு முறையை விஞ்ஞானிகள் வகுத்தார்கள். இத்துறையின் அழகான தீர்வுகளுள் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன்.

நம்பலாமா என்றால், எதற்காக என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒளியியல் ஆழம் என்பது தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சிவரை உள்ள துகள்கள் அனைத்தின் கூட்டு விளைவு. நாம் சுவாசிப்பதோ அடியில் உள்ள சில மீட்டர் காற்றை. காட்டுத்தீயின் புகை நான்கு கிலோமீட்டர் உயரத்தில் கடந்து சென்றால், கீழே காற்று தூய்மையாக இருக்கும்போதே செயற்கைக்கோள் பெரிய எண்ணைக் காட்டும். துகள்கள் எந்த உயரத்தில் உள்ளன என்பதை 2006 முதல் 2023 வரை இயங்கிய கலிப்சோ என்ற செயற்கைக்கோள், லேசர் ஒளியைக் கீழ்நோக்கிச் செலுத்தி அளந்தது. ஆனால் அதன் பாதைக்கு நேர் கீழே இருந்த குறுகிய கோட்டை மட்டுமே அதனால் காண முடிந்தது. ஈரப்பதமும் குழப்பம் செய்யும். சில துகள்கள் நீரை ஈர்த்துப் பருத்து ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கும்; அவற்றின் உலர்ந்த எடையோ மாறியிருக்காது.

ஆகவே, 2.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குட்பட்ட நுண்துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் உள்ளன என்று வரைபடங்கள் கூறும்போது, அது நேரடி அளவீடு அல்ல. செயற்கைக்கோள் தரவு, காற்றோட்டக் கணினி மாதிரி, தரை நிலையங்களின் பதிவு ஆகிய மூன்றையும் இணைத்துப் பெற்ற மதிப்பீடு. அளவிடும் நிலையமே இல்லாத பெரும் பரப்புகளின் ஆண்டுச் சராசரியை அறிய இதைவிடச் சிறந்த வழி இல்லை. இன்று மாலை வெளியே ஓடலாமா என்று முடிவு செய்ய, அருகிலுள்ள தரை நிலையத்தையே பாருங்கள். மேகம் மூடினாலும் இரவானாலும் மோடிஸ் போன்ற கருவிகளால் துகள்களை அளக்க முடியாது.

கேள்வி: செய்திகளில் வரும் படங்களில் பெருநகரங்களின் மேல் சிவப்பாகத் தெரிவது இந்தத் துகள்கள்தானா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அத்தகைய படங்களில் பல, 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் டிரோபோமி கருவி அளந்த நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவைக் காட்டுபவை. இவ்வாயு குறிப்பிட்ட சில அலைநீளங்களை உறிஞ்சுவதால் அடையாளம் காணப்படுகிறது. பகல் வெளிச்சத்தில் சில மணி நேரத்தில் சிதைந்துவிடுவதால், வாகனங்களும் அனல்மின் நிலையங்களும் மிகுந்த இடங்களை விட்டு அதிக தூரம் போவதில்லை. சிவப்பு நிறம், வரைபடம் தயாரித்தவர் தேர்ந்தெடுத்தது. வாயுவின் உண்மை நிறம் செம்பழுப்பு.