தினமும் போஸ்ட் போடுறோம், என்கொயரி வரல: கன்டென்ட் பிளானை எங்க ஆரம்பிக்கிறது?

கேள்வி: வீடு, கடை, ஆபீஸ்களுக்கு சிசிடிவி கேமரா மாட்டிக் கொடுக்கிற சின்ன கம்பெனி எங்களோடது. ஆறு மாசமா பேஸ்புக், இன்ஸ்டால தினமும் ஏதாவது போடுறோம். லைக் வருது, என்கொயரி வரல. ஒரு ஏஜென்சி மாசம் 30 போஸ்ட்னு பிளான் கொடுத்திருக்காங்க. சரின்னு சொல்லலாமா, இல்ல நாங்களே ஒரு கன்டென்ட் ஸ்ட்ராட்டஜி போடலாமா?

பதில்: அந்த 30 போஸ்ட் லிஸ்ட்டை எடுத்து வச்சுக்கிட்டு, அதுல எத்தனை போஸ்ட் உங்க கஸ்டமர் உங்ககிட்ட நேர்ல கேட்ட கேள்விக்கு பதில் சொல்லுதுன்னு எண்ணிப் பாருங்க. காலை வணக்கம், அந்த தினம் இந்த தினம் வாழ்த்து, "பாதுகாப்பே முக்கியம்" டைப் வாசகம் இதையெல்லாம் கழிச்சா பெருசா ஒண்ணும் மிஞ்சாதுன்னுதான் நினைக்கிறேன். லைக் வந்து என்கொயரி வராததுக்கு காரணமும் அதேதான், வாழ்த்துக்கு லைக் போடுறவர் கேமரா வாங்க வந்தவர் இல்ல.

முதல்ல எந்த என்கொயரி வேணும்னு முடிவு பண்ணுங்க. வீட்டுக்கு நாலு கேமரா கேக்குறவர், குடோனுக்கு கேக்குறவர், ஏற்கனவே மாட்டுனதுக்கு வருஷ மெயின்டனன்ஸ் தேடுறவர், மூணு பேரோட கவலையும் வேற வேற. மூணு பேருக்கும் சேர்த்து எழுதுனா யாருக்கும் ஒட்டாது. முதல் மூணு மாசத்துக்கு ஒருத்தரை மட்டும் எடுத்துக்கோங்க.

அடுத்தது கேள்வி சேகரிக்கிறது, முழு வேலையிலயும் ரொம்ப முக்கியமான பகுதி இதுதான், எல்லாரும் தாண்டிப் போறதும் இதைத்தான். சேல்ஸ் பையனோட வாட்ஸ்அப், ஆபீஸ் போன், சர்வீஸுக்கு போற டெக்னீசியன், இந்த மூணு இடத்துல வர்ற கேள்வியை ரெண்டு வாரம் அப்படியே எழுதி வைங்க, கஸ்டமர் சொன்ன வார்த்தையிலயே. அவர் "ஸ்டோரேஜ் கெபாசிட்டி" பத்தி கேக்க மாட்டார், "எத்தனை நாள் ரெக்கார்டிங் நிக்கும்?"னு கேப்பார். நெட் போனா கேமரா ஓடுமா, ராத்திரில மூஞ்சி தெளிவா தெரியுமா, போன்ல பாக்க மாசா மாசம் காசு கட்டணுமா, இப்படி வரும். வெப்சைட் இருந்தா கூகுள் சர்ச் கன்சோலையும் திறந்து பாருங்க, கடைசி 16 மாசத்துல கூகுள்ல என்னென்ன டைப் பண்ணி உங்க பக்கத்தைப் பாத்தாங்கன்னு இலவசமாவே காட்டும்.

சேர்ந்த கேள்வியில வாங்குற முடிவுக்கு பக்கத்துல இருக்குறதை முதல்ல எழுதுங்க: செலவு எதைப் பொறுத்து ஏறும், இதுவா அதுவா, மாட்டுனப்புறம் என்ன பிரச்சனை வரும். "சிசிடிவி என்றால் என்ன" மாதிரி கட்டுரை இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், அதுக்கு கூகுளே மேல ஏஐ பதில் போட்டு முடிச்சிடுது.

எத்தனை நாள் ரெக்கார்டிங் நிக்கும்ங்கிற கேள்வியையே எடுத்துக்கலாம். "ஹார்ட் டிஸ்க் அளவைப் பொறுத்தது"ன்னு எழுதுனா அது பதிலே இல்ல. கணக்கு போட்டுக் காட்டுங்க. ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் பிட்ரேட்ல (நொடிக்கு பதியுற டேட்டா அளவு) இடைவிடாம ஓடுனா ஒரு நாளைக்கு ஏறக்குறைய 43 ஜிபி, நாலு கேமராவுக்கு 173 ஜிபி, அப்போ 1 டிபி டிஸ்க்ல ஆறு நாள்கூட முழுசா நிக்காது. வீடியோவை இன்னும் சுருக்கிப் பதியுற ஹெச்.265 முறையைப் போட்டு பிட்ரேட்டை பாதியாக்குனா பதினொரு நாள் பக்கம் வரும். அசைவு இருந்தா மட்டும் பதியுற மாதிரி வச்சா இன்னும் கூடும், ஆனா கேமரா ரோட்டைப் பாத்து இருந்தா அதுல பெருசா மிச்சம் ஆகாது. கடைசி வரி இருக்கே, அதை வேலை செஞ்சவன்தான் சொல்ல முடியும். கூகுள் தன்னோட தர மதிப்பீட்டு வழிகாட்டில 2022 டிசம்பர்ல "அனுபவம்"னு ஒண்ணை சேர்த்ததும் இந்த மாதிரி விஷயத்துக்குத்தான். அதனால டெக்னீசியனை எழுதச் சொல்லாதீங்க, பேச விட்டு வாய்ஸ் நோட் வாங்கி வேற யாராவது எழுதட்டும். ஏஐ வச்சு திருத்துறது தப்பில்ல, ஆனா ஏஐல நூத்துக்கணக்குல பக்கத்தை அடிச்சு தள்ளுறதை 2024 மார்ச்ல இருந்து கூகுள் ஸ்பாம் லிஸ்ட்ல வச்சிருக்கு.

எழுதுனதை முதல்ல சொந்த வெப்சைட்ல போடுங்க. பேஸ்புக் 2018 ஜனவரில நண்பர்கள், குடும்பத்தோட போஸ்ட்டுக்குத்தான் முன்னுரிமைன்னு அறிவிச்சப்போ அதை மட்டுமே நம்பி இருந்த பிசினஸ் பக்கங்களோட ரீச் அடிவாங்குச்சு, அதுல அவங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. அதே கட்டுரையில இருந்து ஒரு நிமிஷ வீடியோ, கணக்கு டேபிள் ஒரு படமா, கொட்டேஷனோட அனுப்ப ஒரு பிடிஎஃப்னு பிரிச்சுக்கலாம். பிடிஎஃப்தான் முதல்ல பலன் கொடுக்கும், ஏன்னா கூகுள்ல ரேங்க் ஆக மாசக்கணக்கு ஆகும், சேல்ஸ் பையன் நாளைக்கே அனுப்பிடலாம். (இதெல்லாம் புதுசுன்னு நினைக்காதீங்க, ஜான் டீர்ங்கிற அமெரிக்க விவசாயக் கருவி கம்பெனி 1895லயே விவசாயிகளுக்குன்னு பத்திரிகை நடத்த ஆரம்பிச்சது.)

அளக்குறதுக்கு பெரிய டூல் எதுவும் வேணாம். ஒவ்வொரு பக்கத்துலயும் வாட்ஸ்அப் பட்டன் வைங்க, அழுத்துனா மெசேஜ் ஏற்கனவே டைப் ஆகி இருக்கணும், அது பக்கத்துக்கு பக்கம் மாறணும். ஹார்ட் டிஸ்க் பக்கத்துல "ரெக்கார்டிங் நாள் பத்தி கேக்கணும்"னு, நைட் விஷன் பக்கத்துல வேற. வர்ற முதல் மெசேஜ்லயே எந்தக் கட்டுரை வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிடும். சர்ச் கன்சோல்ல இம்ப்ரெஷன் (தேடல் முடிவுல பக்கம் தெரிஞ்ச தடவை) நிறைய இருந்து கிளிக் இல்லாத பக்கத்துக்கு முதல்ல டைட்டிலை மாத்திப் பாருங்க. கிளிக் வந்தும் மெசேஜ் வரலன்னா உள்ள பதில் சரியில்லன்னு அர்த்தம். ஆறு மாசம் ஆகுறதுக்கு முன்னாடி எதையும் தூக்கிப் போடாதீங்க.

ஏஜென்சி வேணாம்னு சொல்லல. 30 போஸ்ட்டுக்கு பதிலா மாசம் நாலு கட்டுரை, ஒவ்வொண்ணுக்கும் உங்க டெக்னீசியன்கிட்ட அரை மணி நேரம் பேசிட்டுத்தான் எழுதணும்னு கேட்டுப் பாருங்க. "அவர்கிட்ட எதுக்கு சார் பேசணும், நாங்களே நெட்ல பாத்து எழுதிடுவோம்"னு சொன்னா வேற ஏஜென்சி தேடுங்க.