லைட்ஸ் போனா மெழுகுவத்தியை நம்பலாமா?

தங்கச்சி, தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து மூணு வாரம் ஆச்சு, வீட்டுக்காரம்மா ஒரு பாக்கெட் மெழுகுவத்தியைக் கொடுத்து "லைட்ஸ் போனா ஏத்திக்கோ"ன்னாங்க, ஒன்றரை வயசுப் பிள்ளையை வச்சுக்கிட்டு இது சரிப்படுமான்னு கேட்டிருக்கே. (இங்க யாரும் "கரண்ட் போச்சு"ன்னு சொல்றதில்ல, "லைட்ஸ் போச்சு"ன்னுதான் சொல்வாங்க. உனக்கும் சீக்கிரம் ஒட்டிக்கும்.)

2023 மாதிரி இப்போ இல்லம்மா. அந்த வருஷம் லோட் ஷெடிங் (கரண்ட் பத்தாம ஏரியா ஏரியாவா முறைபோட்டு நிறுத்துறது) இல்லாத நாளே அபூர்வம். 2024 மார்ச் கடைசியில அது பெருமளவு நின்னுது, அப்புறம் எப்பவாவதுதான். ஆனாலும் கேபிள் திருட்டும் மழையும் இருக்கே. 2022 ஏப்ரல் வெள்ளத்தப்போ எங்க தெரு நாள்கணக்குல இருட்டுல கிடந்துச்சு.

2015ல நான் இதே டர்பன்ல சாட்ஸ்வர்த்துல ஒரு வீட்டுக்குப் பின்னாடி அவுட்பில்டிங்ல குடியிருந்தேன். ஐஸ்கிரீம் டப்பா மூடியில மெழுகுவத்தியை ஒட்டி ஜன்னல் திட்டுல வச்சுட்டு அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். காத்துல நெட் கர்ட்டன் ஆடி வந்து பிடிச்சுக்கிச்சு. களைஞ்ச தண்ணியையே அரிசியோட தூக்கி ஊத்தினேன், அணைஞ்சுபோச்சு. ஆனா அறை முழுக்கப் புகை. வெளிய போகலாம்னா இரும்பு கேட் பூட்டியிருக்கு, சாவி எந்தப் பையிலன்னு நினைவில்ல. ஜன்னல்லயோ பர்க்லர் கார்ட், அதான் திருடனுக்குப் போடுற இரும்புக் கம்பி, பூனைதான் நுழையும். சாவி கிடைக்கிறதுக்குள்ள எனக்குப் பாதி உயிர் போயிருச்சு.

அதனால மெழுகுவத்தியைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி சாவிக்கு ஒரு ஆணி அடி. கதவுக்கு உள்பக்கம், இருட்டுல தடவினாலும் கைக்கு வரணும், வெளிய இருந்து கை நீட்டினா எட்டக்கூடாது. படுக்கையறை ஜன்னல் கம்பியில ஒரு பகுதியாவது திறக்கிற மாதிரி மாத்தித் தரச் சொல்லி வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டுப் பாரு. திருடனுக்குப் போட்ட கம்பி நம்மளையும் உள்ளயே வச்சுப் பூட்டிரும்.

மெழுகுவத்தி ஏத்தித்தான் ஆகணும்னா, ஊர்ல குத்துவிளக்குக்கு அடியில தாம்பாளம் வைப்போமே, அதே கணக்குதான். கனமான பாத்திரத்துல மணல் போட்டு நடுவுல நட்டு வை. கர்ட்டன், துணி, பேப்பர் எல்லாம் ஒரு அடிக்கு மேல தள்ளியே இருக்கட்டும். மேல அலமாரி இருக்கிற இடமே வேண்டாம், சூடு மேலதான் ஏறும். நைலான் துப்பட்டாவோட கிட்ட குனியாதே. அறையை விட்டு எந்திரிச்சா அணைச்சிரு, பிள்ளை தூங்குற அறைக்கு அது போகவே கூடாது.

ஆனா என்னைக் கேட்டா, அந்தப் பாக்கெட்டை மேல் அலமாரியில போட்டுட்டு ரெண்டு ரீசார்ஜபிள் பல்ப் வாங்கிரு. சாதாரண ஹோல்டர்லயே மாட்டலாம், லைட்ஸ் போனா உள்ள இருக்கிற பேட்டரியில எரியும். சுவிட்சை மட்டும் போட்டே வச்சிருக்கணும்.

நீ கேட்காத ஒண்ணையும் சொல்லிர்றேன். இங்க நிறைய வீட்டுல கரண்ட் அடுப்புதான். சமைக்கும்போது லைட்ஸ் போனா அடுப்புத் தட்டு ஆறிரும், நாமளும் அடுப்பு போட்டதையே மறந்து கடைக்குப் போயிருவோம். திரும்ப லைட்ஸ் வரும்போது மேல துணியோ எண்ணெய்ச் சட்டியோ இருந்தா என்ன ஆகும்? இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான். போன உடனே முதல் வேலை, குமிழைத் திருகி ஆஃப் பண்ணு, அப்புறம் வெளிச்சத்தைத் தேடு.

தீயணைப்புக்கு 10177, மொபைல்ல இருந்து 112ம் போகும். எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வை, பதட்டத்துல ஊர் ஞாபகத்துல விரல் 101க்குத்தான் போகும்.